வேலை போனதும் சொந்தத் தொழிலா? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த மறுவாரமே பலர் டெலிவரி செயலியில் பதிந்துகொள்கிறார்கள். சிலர் துணைப்பாடம் எடுக்கிறார்கள், சிலர் வீட்டில் மாவு அரைத்து விற்கிறார்கள். வேலையின்மையும் சுயதொழிலும் ஒட்டிக்கொள்ளும் இந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

வேலை போய்விட்டது. இந்த வாரம் இரண்டு மணி நேரம் டெலிவரி ஓட்டினேன். கணக்கில் நான் வேலையில்லாதவரா?

இல்லை. மனிதவள அமைச்சின் ஊழியரணி (வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும்) ஆய்வு ஒரு குறிப்பிட்ட வாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் நீங்கள் ‘வேலையில் இருப்பவர்’. ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர்களை அமைச்சு தனிப் பிரிவாகக் கணக்கிடுகிறது. உங்கள் பெயர் அங்கே போய்விடும்.

‘வேலையில்லாதவர்’ என்று எண்ணப்பட மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். கையில் வேலை இருக்கக் கூடாது, கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும், கடந்த நான்கு வாரத்தில் உண்மையிலேயே தேடியிருக்க வேண்டும். தேடி அலுத்து நிறுத்திவிட்டவர் இதிலும் வரமாட்டார். அவர் ஊழியரணிக்கே வெளியே.

இது புள்ளிவிவர வரையறை மட்டுமே. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கவனிக்கும் மத்திய சேம நிதி (மசேநி) கழகம், வரி ஆணையம், உதவித் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரையறை உண்டு. ஓரிடத்தில் ‘வேலையில்லாதவர்’ என்றதால் இன்னோரிடத்திலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி விண்ணப்பம் போடாதீர்கள். பலருடைய விண்ணப்பம் இங்கேதான் சிக்குகிறது.

அப்படியானால் வேலையின்மை விகிதம் குறைவாகத் தெரிவதற்குச் சுயதொழில்தான் காரணமா?

ஓரளவு. கொவிட் ஆண்டான 2020இல் ஒட்டுமொத்த வேலையின்மை விகிதம் ஆண்டுச் சராசரியாக 3.0 விழுக்காடு, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த விகிதம் 4.1 விழுக்காடு. வாடகைக் கார் எடுத்து நாளெல்லாம் ஓட்டியும் கைக்காசு மிஞ்சாதவர் இந்த எண்களில் இல்லை, ஏனெனில் அவர் ‘வேலையில் இருப்பவர்’.

அதனால் விகிதம் பொய் என்று ஆகிவிடாது. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் வரையறை இதுதான். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் நேரம் சார்ந்த குறைவேலை விகிதம். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்து, கூடுதல் நேரம் கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களை அது காட்டும். ஆனால் 60 மணி நேரம் ஓட்டிக் குறைவாகச் சம்பாதிப்பவரை அதுவும் காட்டாது. நம் வீடுகளில் இருக்கும் பிரச்சினை பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

வேலையின்மை கூடினால் சுயதொழில் கூடுமா, சுயதொழில் கூடினால் வேலையின்மை குறையுமா?

இரண்டும் நடக்கும், ஒரே நேரத்தில் அல்ல. ராய் தூரிக்கும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் 23 வளர்ந்த நாடுகளின் 1974 முதல் 2002 வரையிலான புள்ளிகளை வைத்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையின்மை முதலில் மக்களைச் சுயதொழிலுக்குத் தள்ளுகிறது என்றும், அப்படித் தொடங்கிய தொழில்கள் காலம் கடந்தபின் வேலையின்மையைக் குறைக்கின்றன என்றும் அது கண்டது. குறைக்கும் விளைவே இரண்டில் வலுவானது என்பது அவர்கள் முடிவு.

ஒரு குடும்பத்தின் கணக்குக்கு இதை இறக்கினால், தள்ளப்பட்டு வந்தவரும் தானே இறங்கியவரும் ஒரே தொழிலைச் செய்தாலும் நிலைமை வேறு. தானே இறங்கியவர் வேலையில் இருக்கும்போதே நாலு வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பார். தள்ளப்பட்டவர் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு, அதே நிலைமையில் இருக்கும் நூறு பேரோடு ஒரே சந்தையில் நிற்பார். மந்தக் காலத்தில் வாடகைக் காரும் டெலிவரியும் நெரிசலாவது இதனால்தான். பயணிகள் குறையும் அதே மாதத்தில் ஓட்டுநர்கள் கூடுகிறார்கள்.

ஆட்குறைப்பில் வேலை போனது. சுயதொழிலுக்கு முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

முதலில் முடிவு ஊதியத்தைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதவில்லையென்றால் வேலைவாய்ப்புச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். எடுக்காத ஆண்டு விடுப்புக்கான தொகையும் அதில் சேர வேண்டும்.

ஆட்குறைப்பு இழப்பீடு சட்டக் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் தந்தாக வேண்டும், இல்லையென்றால் பேச்சுவார்த்தைதான். வழக்கமான அளவு பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை. வேலை இழந்ததற்கென்று தரும் இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை, மசேநி பிடித்தமும் இல்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டுத் தந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். ஏப்ரல் 2025இல் தொடங்கியது. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், பணிநீக்கம், நோய் அல்லது விபத்தால் வேலை முடிவு என்று தன் விருப்பமின்றி வேலை இழந்தவருக்கு ஆறு மாதம் வரை மொத்தம் 6,000 வெள்ளி கிடைக்கலாம். முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மூன்று மாதம் 750. முக்கிய நிபந்தனைகள் 21 வயது நிறைந்திருப்பது, கடந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் சம்பள வேலையில் இருந்திருப்பது, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டாதது, குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் என மதிப்பிடும் தொகை) 31,000 வெள்ளியைத் தாண்டாதது. மாதந்தோறும் விண்ணப்பம், பயிற்சி, ஆலோசனை போன்ற செயல்களில் 10 புள்ளி சேர்த்தால்தான் அந்த மாதப் பணம் வரும்.

இது வேலையில்லாமல் இருப்பவருக்கான தொகை. அவசரப்பட்டு முதல் வாரமே தொழிலில் இறங்குபவர், தனக்கு உரிய 6,000 வெள்ளியை எண்ணிப் பார்க்காமலேயே தாண்டிப் போய்விடலாம். முதலில் வேலை தேடுவோருக்கு உதவும் அரசு அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரிடம் தகுதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு இறங்குங்கள். இரண்டு வாரம் தாமதிப்பதால் எந்தத் தொழிலும் கைநழுவிப் போகாது.

நான் ஏற்கெனவே சுயதொழில் செய்பவன். தொழில் படுத்துவிட்டது. எனக்கும் அந்த உதவி உண்டா?

மேலே சொன்ன திட்டம் சம்பள வேலையை இழந்தவரை மனத்தில் வைத்து அமைந்தது. 12 மாதத்தில் 6 மாதச் சம்பள வேலை என்ற நிபந்தனையிலேயே முழுநேரச் சுயதொழிலர் தகுதியிழந்துவிடுவார். பெரும் நெருக்கடி வந்தால் தனி ஏற்பாடு வரும். 2020இல் சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு, மே, ஜூலை, அக்டோபர் என மூன்று தவணையில் தலா 3,000 வெள்ளியாக வழங்கப்பட்டது. அது கொவிட் காலத்துக்கானது, நிரந்தரத் திட்டமல்ல.

இப்போது கைக்கெட்டுவது இரண்டு. வீட்டு வருமானம் உண்மையிலேயே நின்றுவிட்டால் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்தில் அரசின் காம்கேர் நிதி உதவி கேட்கலாம். தொலைபேசி எண் 1800-222-0000. வங்கிக் கணக்கு விவரமும் தொழில் வரவுக் கணக்கும் கொண்டு போங்கள். சுயதொழிலருக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் விசாரணை இழுப்பது இந்தத் தாள்கள் இல்லாதபோதுதான். இரண்டாவது, 40 வயதைத் தொட்டவருக்கான முழுநேரப் பயிற்சிப் படித்தொகை. அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதத்துக்கு. இதுவும் நீங்கள் வரி ஆணையத்திடம் அறிவித்த வருமானத்தை நம்பியே நிற்கும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்குப் படித்தொகையும் குறையும்.

மாதம் 2,500 வெள்ளி சம்பளத்தில் இருந்தேன். சுயதொழிலில் எவ்வளவு வந்தால் அதற்கு ஈடு?

எல்லோரும் 2,500 என்றே சொல்கிறார்கள். தவறு. முதலாளி உங்களுக்காக 17 விழுக்காடு, அதாவது மாதம் 425 வெள்ளி மசேநி கட்டிவந்தார். ஆக ஆண்டுக்கு 30,000 கூட்டல் 5,100, மொத்தம் 35,100 வெள்ளி. அது 55 வயது வரையிலான ஊழியரின் விகிதம்.

அந்தச் சம்பளத்தில் 11 பொது விடுமுறை, குறைந்தது 7 நாள் ஆண்டு விடுப்பு, 14 நாள் வரை நோய் விடுப்பு எல்லாம் ஊதியத்தோடு இருந்தன. சுயதொழிலில் கடை மூடிய நாளுக்கு வரவு இல்லை. தீபாவளி, காய்ச்சல், பிள்ளை பள்ளி விடுமுறை எல்லாம் போக ஆண்டில் 48 வாரம் உழைப்பதாக வைத்துக்கொண்டால் 35,100ஐ 48ஆல் வகுக்க வாரத்துக்கு சுமார் 731 வெள்ளி வருகிறது. செலவு எல்லாம் கழித்து மிஞ்ச வேண்டிய தொகை இது.

வாரம் 731 எட்டாவிட்டால் தொழிலை விட வேண்டும் என்பதில்லை. எட்டவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: வரவு, செலவு, உழைத்த மணி நேரம். மூன்றாவது பத்தியைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

வீட்டில் இட்லி மாவு விற்பவரை எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 40 டப்பா, ஒன்று 4 வெள்ளி, வரவு 160. அரிசி, உளுந்து, டப்பா, மின்சாரம், கொண்டு கொடுக்கும் செலவு சேர்த்து 70 என்றால் மிச்சம் 90. ஊறவைத்தது, அரைத்தது, அடைத்தது, வாட்ஸ்அப்பில் பதில் சொன்னது, கீழ்த்தளம் வரை இறங்கிக் கொடுத்தது எல்லாம் 9 மணி நேரம் என்றால் மணிக்கு 10 வெள்ளி. இதில் அதிகம் கரைவது கீழ்த்தளத்துக்கு ஏறி இறங்கும் நேரம். வாரத்தில் இரண்டே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று கொடுத்தால் அதே 90 வெள்ளிக்கு உழைப்பு 6 மணி நேரமாகி, மணிக்கு 15 வெள்ளி ஆகிவிடும். விலையைக் கூட்டாமலேயே வருமானம் கூடும் வழி இது.

மாவு டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெக்கையில் மாவு வேகமாகப் பொங்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிர்ந்தபின் அனுப்புங்கள். நிரம்ப அடைத்தால் வழியில் மூடி திறந்துகொள்ளும், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

எத்தனை மாதம் முயன்று பார்ப்பது?

தொடங்கும் நாளிலேயே ஒரு தேதியும் ஒரு தொகையும் எழுதி வையுங்கள். ‘ஆறாம் மாதக் கடைசியில் வார மிச்சம் 500ஐத் தொடவில்லையென்றால் முழுநேர வேலை தேடலுக்குத் திரும்புவேன்’ என்பது போல. தொகை உங்கள் வீட்டுச் செலவைப் பொறுத்தது. தேதி இல்லாத சுயதொழில் மெல்ல மெல்ல மறைமுக வேலையின்மையாகிவிடும். நாளெல்லாம் ஓட்டிக் களைத்தவருக்கு விண்ணப்பம் எழுதத் தெம்பு இருக்காது. வாரத்தில் ஒரு காலைப் பொழுதை வேலை தேடலுக்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஆர்டர் எடுக்காதீர்கள்.

பதிவு செய்ய வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் நடத்தினால் பதிவு தேவையில்லை. ‘அம்மா கைமணம்’ என்று பெயர் வைத்தால் தேவை. தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சிங்பாஸ் வழியாகப் பதியலாம். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்கு 160.

சந்தை பார்க்கும் முதல் சில மாதம் சொந்தப் பெயரிலேயே ஓட்டுவது புத்திசாலித்தனம். தனியார் நிறுவனம் தொடங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால், ஆண்டறிக்கை, நிறுவனச் செயலாளர் போன்ற செலவுகளை முதலில் கேளுங்கள். ஒற்றை ஆள் தொழிலுக்கு அது ஆரம்பத்தில் சுமை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சமைத்து விற்கலாமா?

சிறு அளவில் என்றால் வீவகவின் முன் அனுமதியோ சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமோ தேவையில்லை. நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் வசிக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, பெயர்ப்பலகை கூடாது, வீட்டுக்கான சாதனங்களையே பயன்படுத்த வேண்டும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது. வெளி நிகழ்ச்சிக்கு மொத்தமாக உணவு வழங்குவதும் தற்காலிகச் சந்தைகளில் கடை போடுவதும் இதில் அடங்காது. கல்யாண ஆர்டர் வந்ததும் மகிழ்ச்சியில் ஒப்புக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் விதியை மீறுகிறார்கள்.

மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான மசேநி கணக்கு) எனக்கும் கட்டாயமா?

ஆண்டு நிகரத் தொழில் வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம். நிகரம் என்றால் வரவிலிருந்து தொழில் செலவு கழித்தது. 18,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவருக்கு விகிதம் 35 வயதுக்குள் 8, 35 முதல் 45க்குள் 9, 45 முதல் 50க்குள் 10, 50இலிருந்து 10.5 விழுக்காடு. 6,000 முதல் 12,000 வரை இதில் பாதி. இடைப்பட்டவருக்குப் படிப்படியாகக் கூடும்.

38 வயதுத் துணைப்பாட ஆசிரியை. ஆண்டு வரவு 26,400, புத்தகம், அச்சு, பயணச் செலவு 2,400, நிகரம் 24,000. மெடிசேவ் 9 விழுக்காடு, 2,160 வெள்ளி, மாதத்துக்குப் பிரித்தால் 180. வரிக்கு 24,000இலிருந்து சம்பாத்தியக் கழிவு 1,000, மெடிசேவ் 2,160 கழிக்க 20,840. முதல் 20,000க்கு வரி இல்லை, மீதி 840க்கு 2 விழுக்காடு. வரி 16 வெள்ளி 80 காசு. சுயதொழிலில் சிறு வருமானக்காரரைத் தடுமாற வைப்பது வரியல்ல, மெடிசேவ்தான்.

தடுமாற்றத்துக்குக் காரணம் காலம். ஜனவரி 2025இல் தொடங்கினால் 18 ஏப்ரல் 2026க்குள் வருமானம் அறிவிக்கிறீர்கள், அதன்பிறகுதான் மசேநி கணக்கீட்டுக் கடிதம் வரும். ஓராண்டுக்கு மேல் எதுவும் கட்டாமல் பழகிவிட்டு, திடீரென்று 2,160 வெள்ளியை 30 நாளில் கட்டச் சொன்னால் யாருக்கும் மூச்சு முட்டும். மாதந்தோறும் நிகரத்தில் 12 விழுக்காட்டை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தவறவிட்டிருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ தவணைக்கு விண்ணப்பியுங்கள், வட்டியில்லாமல் 12 மாதம் வரை தருவார்கள். கடிதத்தைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் ஆபத்து. பாக்கி இருந்தால் தொழில் உரிமங்களைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம்.

குறைந்த வருமானத்தாருக்கு மெடிசேவ் கட்டுவதால் லாபமும் உண்டு. 30 வயது நிறைந்து, மாத வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருக்கும் தகுதியுள்ள குடிமக்களுக்கு வேலைநலன் துணை வருமானம் கிடைக்கும். சுயதொழிலருக்கு அது ஊழியருடையதில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் 10 விழுக்காடு ரொக்கம், 90 விழுக்காடு மெடிசேவ். வருமானத்தை அறிவிக்காதவருக்கும் மெடிசேவ் கட்டாதவருக்கும் எதுவும் வராது.

எந்தச் செலவைக் கழிக்கலாம்?

வருமானத்தை ஈட்டுவதற்கே ஆன செலவு. வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு, எம்ஆர்டி பேருந்துக் கட்டணம், பொருள் வாங்கியது எல்லாம் சரி. உங்கள் சொந்தச் சாப்பாடு, உங்களுக்கே போட்டுக்கொண்ட ‘சம்பளம்’ கூடாது. பலர் தவறுவது சொந்தக் கார். பதிவெண் எஸ் எழுத்தில் தொடங்கும் தனியார் காரின் பெட்ரோல், இஆர்பி சாலைக் கட்டணம், நிறுத்தக் கட்டணம் தொழிலுக்கே பயன்படுத்தினாலும் கழிக்க முடியாது. ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருங்கள். வெப்பத்தாள் ரசீதில் எழுத்து மங்கிவிடும், அன்றன்றே படம் எடுத்துவிடுங்கள். ஆண்டு வரவு 200,000 வெள்ளிக்குள் என்றால் படிவத்தில் வரவும் சரிசெய்த லாபமும் எழுதினால் போதும்.

வீட்டுக் கடன் என்ன ஆகும்?

வேலையில் இருந்தபோது வீட்டுத் தவணை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து தானாகப் போயிருக்கும். சுயதொழிலில் கட்டாயம் மெடிசேவுக்கு மட்டுமே. சாதாரணக் கணக்குக்குப் புதிதாக எதுவும் வராது, பிடித்தம் மட்டும் தொடரும். இருப்பை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். 9,000 இருந்து தவணை 1,000 என்றால் பத்தாம் மாதம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். அதே கணக்கிலிருந்துதான் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் ஆண்டுச் சந்தாவும் போகிறது. இருப்பு தீர்ந்து சந்தா நின்றால் காப்புறுதி காலாவதியாகலாம். குடும்பத் தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால் வீட்டைக் காப்பாற்றுவது அந்தக் காப்புறுதிதான். தவணை தவறுவதற்கு முன்பே வீவக கிளை அலுவலகத்தில் பேசுங்கள்.

புதிதாகக் கடன் கேட்பவருக்கு ஒன்று. ஏறியிறங்கும் வருமானத்தில் வங்கிகள் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டே கணக்கிடும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பள வேலையை விடும் முன் யோசிப்பது நல்லது.

டெலிவரி ஓட்டுபவரும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநரும் சுயதொழிலர்தானே?

1 ஜனவரி 2025 முதல் சட்டத்தில் அவர்கள் இணையத்தள ஊழியர்கள், ஊழியருக்கும் சுயதொழிலருக்கும் நடுவே ஒரு தனி வகை. வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டுக்கு நிறுவனமே காப்புறுதி எடுக்க வேண்டும். 1 ஜனவரி 1995 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவருக்கு மசேநி விகிதம் கட்டாயமாக உயர்கிறது. 2029க்குள் படிப்படியாக ஊழியர், முதலாளி அளவை எட்டும். அதற்கு முன் பிறந்தவர் விரும்பினால் சேரலாம், சேர்ந்தபின் விலக முடியாது.

நிகர வருவாயைக் கணக்கிட நிலையான செலவு விகிதம் உண்டு. கார், வேனுக்கு 60, மோட்டார்சைக்கிளுக்கு 35, சைக்கிள், நடைக்கு 20 விழுக்காடு. மோட்டார்சைக்கிளில் 3,000 வெள்ளி ஈட்டினால் 1,950 நிகரம். வீட்டுக்கடன் உள்ள நாற்பது வயதுக்காரர் விருப்பத் தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்க வேண்டாம். கைக்காசு குறைந்தாலும் சாதாரணக் கணக்கு மறுபடி நிரம்பும், நிறுவனத்தின் பங்கும் சேரும்.

முதலாளி ‘இனி நீ ஃப்ரீலான்ஸ்’ என்று ஒப்பந்தத்தை மாற்றச் சொல்கிறார். அதே வேலை, அதே நேரம். சரியா?

தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது முடிவைத் தீர்மானிக்காது. வேலை நேரத்தையும் முறையையும் யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகளும் பொருளும் யாருடையவை, லாப நட்டம் யாருக்கு, மாற்று ஆளை அனுப்ப முடியுமா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். எட்டரைக்கு வந்து முதலாளி மேசையில் உட்கார்ந்து அவர் சொன்னதைச் செய்தால் நீங்கள் ஊழியரே, மசேநி கட்டியாக வேண்டும். கையெழுத்திடும் முன் நகல் எடுங்கள். பணிப் பட்டியல், வாட்ஸ்அப் கட்டளைகளைப் பாதுகாத்து, மசேநி கழகத்திடம் புகார் தரலாம்.

வேலை முடித்துக் கொடுத்தேன், காசு வரவில்லை.

எழுத்தில் கேளுங்கள், தேதி குறிப்பிட்டு. பிறகு சர்ச்சைத் தீர்வுக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசம் கேட்கலாம், சுயதொழிலருக்கும் அது உண்டு. அதுவும் நடக்கவில்லையென்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ‘அண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட வேலைக்கும் வாட்ஸ்அப் தகவல் ஆதாரமாகும். ஆகையால் வேலையின் அளவும் தொகையும் அதில் இருக்கட்டும்.

வெளிநாட்டு ஊழியருக்கான வொர்க் பர்மிட், எஸ் பாஸ், இபி (எம்ப்ளாய்மெண்ட் பாஸ்) இவற்றில் ஒன்றை வைத்திருக்கிறேன். வேலை போனதும் சுயதொழில் செய்யலாமா?

கூடாது. அனுமதி ஒரே முதலாளிக்கானது, வேலை முடிந்ததும் ரத்தாகும். ஓய்வு நாளில் வேறொருவரின் டெலிவரி கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் குற்றமே. தண்டனை 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘எல்லாரும் ஓட்றாங்க தம்பி’ என்று கணக்கைக் கொடுப்பவர் மாட்டிக்கொண்டால் கூட நிற்கமாட்டார். சம்பள பாக்கி இருந்தால் வேலையை விட்ட 6 மாதத்துக்குள் கோரிக்கை பதியுங்கள், நாடு திரும்பும் முன் செய்வது நல்லது.

சார்ந்திருப்போர் அனுமதியில் உள்ள மனைவியோ கணவனோ வீட்டில் மாவு விற்பதும் வேலை என்றே கருதப்படும். மே 2021 முதல் சம்பள வேலைக்கு அவர்களுக்கும் முறையான வேலை அனுமதி தேவை. சொந்தத் தொழிலுக்குத் தனி வழி உண்டு. ஆனால் உள்ளூர் ஊழியர் ஒருவரையாவது உரிய சம்பளத்தில் அமர்த்த வேண்டும் என்பதால் சிறு வீட்டுத் தொழிலுக்கு அது எட்டாது.

மறுபடி சம்பள வேலை கிடைத்துவிட்டது. இடையில் செய்த தொழிலை எப்படிக் காட்டுவது, என்ன செய்வது?

தன்விவரத்தில் வெற்றிடமாக விடாதீர்கள். ‘மார்ச் முதல் அக்டோபர் வரை சுயதொழில், வாரம் 40 வாடிக்கையாளர், கணக்கும் விநியோகமும் தானே கவனித்தது’ என்று எண்ணோடு எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் வரி மதிப்பீட்டுக் கடிதம் அதற்குச் சான்று.

தொழிலை விடுவதானால் பிஸ்ஃபைலில் பதிவை முடிவுக்குக் கொண்டுவாருங்கள். தொடர்வதானால் புதிய முதலாளியின் ஒப்பந்தத்தில் வெளித்தொழில் பற்றிய விதியைப் படித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எப்படியிருந்தாலும் தொழில் செய்த மாதங்களின் வருமானத்தை அடுத்த ஏப்ரலில் அறிவிக்க வேண்டும். நிகரம் 6,000ஐத் தாண்டியிருந்தால், நீங்கள் அப்போது முழுநேர ஊழியராக இருந்தாலும் மெடிசேவ் கடிதம் வரும். ஒதுக்கி வைத்த 12 விழுக்காட்டை அதுவரை தொடாமல் வைத்திருங்கள்.